இஞ்சி என்னும் துணைமருந்து

திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்திற்குச் செல்வோர் மகரிஷியின் தத்துவத்தைப் பேசுவர். நாம் ஈண்டு பேச விழைவது அவருற்ற நோயையும், புற்றுநோய்க்கு மூலிகை எவ்வளவு தூரம் துணைவரும் என்னும் வினாவையும் பற்றியே.

1948-ஆம் ஆண்டின் இறுதியில் மகரிஷியின் இடது முழங்கையருகே சிறு கட்டியொன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் அறுத்தெடுத்தும் அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் மறுமுறை அறுத்தபோது ‘சார்க்கோமா’ என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தனர். கையை அகற்றிவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. இடையே நாட்டு வைத்தியர் பச்சிலை கட்டினார். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இருமுறை அறுவை நடந்தது. ஹோமியோபதியும் ஆயுர்வேதமும் பின்தொடர்ந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். கத்தியும் ரேடியமும் தோற்ற இடத்தில் பச்சிலையும் தோற்றது. இதை மறைப்பதால் மூலிகைக்குப் பெருமை சேராது.

ஆயினும் அம்மலையில் மூலிகைக்கு வேறொரு பணி உண்டு. மலைக்குகையில் வாழ்ந்த நாட்களில் மலச்சிக்கலுக்கு மகரிஷி கடுக்காயைப் பயன்படுத்தி வந்தார் என்பது ஆசிரமப் பதிவு. நோயை வெல்ல இயலாத மூலிகை, வயிற்றுக்கு இதம் தரவல்லது.

மகரிஷிக்குக் கட்டி தோன்றிய அதே 1948-இல் புற்றுநோய் மருந்தின் வரலாற்றில் புதியதோர் ஏடு திறந்தது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தாமும் அந்நோயுற்று, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருந்தால் தேறினார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். பின்னர் அமெரிக்கா சென்ற சுப்பாராவின் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாயிற்று. அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளையும் அவர்கள் உருவாக்கினர். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் சிறிது காலம் தணிந்ததென்று 1948 ஜூனில் அவர் வெளியிட்டார். இரு மாதங்களில் சுப்பாராவ் காலமானார்.

வெற்றியோடு ஒரு வேதனையும் வந்தது. இத்தகைய மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவன. சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் குடலின் உட்தோலும் அத்தாக்குதலுக்கு இலக்காகிறது. வாய்ப்புண், குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு எனத் துன்பங்கள் தொடர்கின்றன. குடல்நோய்க்கு மருந்து கண்டவரின் உழைப்பில் பிறந்த புற்று மருந்து குடலையே வருத்தியது! வாந்திக்கு அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. 1990-களில் ஓன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வந்தபின் வாந்தி பெரிதும் அடங்கியது. குமட்டலோ முற்றும் நீங்கவில்லை.

இவ்விடத்தில்தான் நம் அடுக்களை இஞ்சி நினைவுக்கு வருகிறது. ‘இஞ்சிவேர்’ என்னும் நம் சொல்லே வடமொழி முதலியவற்றைக் கடந்து அரபியில் ‘ஸன்ஜபீல்’ ஆயிற்று என மொழியறிஞர் பலர் கருதுவர். திருமறையின் 76-ஆம் அத்தியாயம் சுவனத்துப் பானத்தைக் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. அறிஞர் இப்னு ஸீனாவின் மருந்து நூலிலும் இஞ்சிக்கு இடமுண்டு.

பெருமை பேசினால் போதாது, சோதனை வேண்டும். டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில், எலும்புச் சார்க்கோமாவுக்கு மருந்தேற்றப்பட்ட சிறுவரிடமும் இளைஞரிடமும் நடந்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு சுக்குத்தூளும் பெற்றோருக்குக் குமட்டலும் வாந்தியும் குறைந்தன. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 576 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி, வழக்கமான மருந்துகளோடு சேர்ந்து, குமட்டலைத் தணித்தது. ஆனால் 2017-இல் இத்தாலியில் 251 பேரிடம் இஞ்சிச் சாற்றுமருந்தைச் சோதித்தபோது பயன் தென்படவில்லை. ஆகவே இறுதித் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மூலிகையை நம்பிப் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கைவிடுவது பேதைமை. பாட்டி வைத்தியமென்று மூலிகையை எள்ளுவதும் அறிவுடைமையன்று. இஞ்சியோ கடுக்காயோ எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே உட்கொள்ளல் வேண்டும். ஒரு மருந்தின் வேலையை இன்னொன்று கெடுப்பதுமுண்டு. படைத்தலைவனுக்குரிய இடத்தைத் துணைவனுக்குக் கொடுக்க வேண்டா. ஆனால் நோயாளி ஒரு வாய்க் கஞ்சியை வயிற்றில் தங்கவைக்க ஓர் இஞ்சித் துண்டு உதவுமாயின், அத்துணையை நாம் ஏன் வேண்டாமென்று தள்ள வேண்டும்?