ஸ்பிரிங் போய் ஸ்பாஞ்சு வந்த கதை: ஸ்கூட்டர் சீட் பற்றிச் சில குறிப்புகள்

முதல் ஸ்கூட்டர்களில் பேர்பெற்ற ஒன்றுக்குச் சீட்டே கிடையாது. 1915-ல் நியூயார்க்கில் தயாரான ஆட்டோபெட் என்ற வண்டியைச் சொல்கிறேன். குழந்தைகள் காலால் உதைத்து ஓட்டுகிற ஸ்கூட்டரைப் பெரிதாக்கி, முன்சக்கரத்தின் மேல் ஒரு சின்ன இன்ஜினை வைத்தால் எப்படியிருக்கும், அதுதான். ஹேண்டில் தண்டை முன்னால் தள்ளினால் கிளட்ச் பிடித்து வண்டி நகரும், பின்னால் இழுத்தால் பிரேக். ஓட்டுகிறவர் பலகை மேல் நின்றுகொண்டே போக வேண்டும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த வண்டி கெட்டிக்கார வண்டி. நிற்கிற ஆளுக்கு முழங்கால்தான் ஸ்பிரிங். மேடு பள்ளம் வந்தால் தானாக மடங்கி, தானாக நிமிர்ந்துகொள்ளும். அதே ஆளை உட்கார வைத்த நிமிஷமே அந்த ஸ்பிரிங் காணாமல் போகிறது. 1919-ல் இங்கிலாந்தில் கிரான்வில் பிராட்ஷா வடிவமைத்த ஸ்கூட்டமோட்டாவில் சீட் வந்துவிட்டது. முழங்கால் செய்த வேலையை இனி யார் செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் குஷன் கடைக்குப் போய் "அண்ணே, முதுகு வலிக்குது, சீட்டை மாத்திக் கட்டிக் குடுங்க" என்று நாம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

இது ஸ்கூட்டருக்கே உரிய தலைவலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் கால் வைக்கிற கம்பி உடம்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கும். பெரிய பள்ளம் வந்தால் அதை மிதித்து லேசாக எழுந்துகொள்ளலாம். தொடையால் டேங்கை அணைத்துப் பிடிக்கலாம், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் பாரம் கைக்கும் போகும். ஸ்கூட்டரில் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்கிறோம். கால் முன்னால் பலகையில், முதுகு நேராக. கால் பாரத்தைத் தாங்காது, கையும் தாங்காது. மேல் உடம்பின் எடை அத்தனையும் இடுப்புக்குக் கீழே இருக்கிற இரண்டு உட்காரும் எலும்புகளில் இறங்குகிறது. அடி விழுந்தால் நேராக முதுகெலும்பில் ஏறும். ஸ்கூட்டரில் நமக்குப் பிடித்த விஷயமே அந்த நாற்காலி உட்காரல்தான். வலியும் அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு முதலில் வந்த பதில் ஸ்பிரிங்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இத்தாலியில் என்ரிகோ பியாஜியோவுக்காக வெஸ்பாவை வரைந்தவர் கொராடினோ தஸ்கானியோ. அவர் விமான இன்ஜினியர், 1930-லேயே ஹெலிகாப்டர் பறக்க விட்டவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. 1946-ல் வெளிவந்த முதல் வெஸ்பா 98-ல் பின்சக்கரத்துக்குச் சஸ்பென்ஷன் என்று சொல்கிற மாதிரி எதுவும் கிடையாது. அது 1948-ல் வந்த 125 சிசி மாடலில்தான் வந்தது. அடுத்த வீட்டுப் போட்டியாளரான மிலான் இன்னொசென்டியின் லாம்ப்ரெட்டா கதையும் அப்படித்தான். 1947-ல் வந்த ஏ மாடலில் பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது, அடுத்த பி மாடலில் வந்தது. சக்கரங்களோ குட்டிச் சக்கரங்கள். வெஸ்பாவுக்கு 8 அங்குலம், லாம்ப்ரெட்டா ஏ-வுக்கு 7 அங்குலம். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும், ரோட்டுக் குழி எப்போதும் சக்கரத்துக்குப் பயந்து சின்னதாகிவிடாது இல்லையா.

அப்படியென்றால் ஓட்டியவரின் முதுகைக் காப்பாற்றியது எது? சீட்தான். அந்தக் காலத்து சீட்டைப் பார்த்தால் சைக்கிள் சீட்டின் பெரியண்ணன் போல இருக்கும். முன்மூக்கில் ஒரு கீல், பின்னால் சுருள் ஸ்பிரிங். ஆள் உட்கார்ந்தால் சீட் முழுவதுமாக இறங்கி ஏறும். மூக்கில் கீல் இருந்ததால் இன்னொரு வசதி: சீட்டைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் மூடி. "தூக்கித் திறக்கிற சீட்" ஏதோ புது ஐடியா என்று நினைக்க வேண்டாம், முதல் வெஸ்பாவிலேயே இருந்ததுதான்.

இந்த சீட்டில் மெத்தை ரொம்பக் குறைச்சல். தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-ல் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் சைக்கிள் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தடித்த தோலை இரண்டு முனைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஏணையில் துணி தொங்குகிற மாதிரி. பஞ்சு, ஸ்பாஞ்சு எதுவும் இல்லை. உடம்பின் வடிவத்துக்குத் தோல் வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். வடிவத்துக்கு ஒரு பொருள், அதிர்ச்சிக்கு வேறொரு பொருள். இந்தப் பிரிவினையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாற்றம் 1955-ல் தெரிகிறது. அந்த வருஷம் வந்த வெஸ்பா 150 ஜிஎஸ், அதாவது கிரான் ஸ்போர்ட், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் போகிற வண்டி. அதில் ஓட்டுநருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து ஒரே நீள சீட். பார்க்க வேகமாக இருந்தது, பின்னால் நகர்ந்து குனிந்து ஓட்டவும் இடம் கிடைத்தது. அதற்குள் சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் வந்திருந்ததால், தனித்தனியாக ஆடுகிற சீட்டின் தேவை குறைந்துவிட்டது என்று கம்பெனிகள் நினைத்தது நியாயம்தான். இங்கிலாந்தின் மாட் இளைஞர்கள் அறுபதுகளில் சீட்டின் மேல் கையை வைத்தார்கள். முதுகுச் சாய்மானம், சிறுத்தைப் புள்ளி உறை, பின்பக்கம் சரிகிற சீட் என்று விதவிதமாக. அதெல்லாம் பார்வைக்கு. சௌகரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

ஸ்பிரிங்கின் இடத்தைப் பிடித்த ஸ்பாஞ்சுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ரப்பர் பாலை முட்டை அடிக்கிற மாதிரி நுரைக்க அடித்து, அப்படியே கெட்டியாக்கினால் மெத்தை. இதை 1929-ல் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அது லேடெக்ஸ் ஃபோம். நாம் இப்போது ஸ்பாஞ்சு என்று சொல்வது பெரும்பாலும் பாலியூரித்தேன். அந்த வேதியியலை 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்தார்கள், மெத்தைக்கான மென்மையான ஃபோம் ஐம்பதுகளில்தான் சந்தைக்கு வந்தது. நம் பக்கத்தில் இவை இரண்டுக்கும் நடுவே ஒன்று: தேங்காய் நாரைச் சுருட்டி, அதன் மேல் ரப்பர் பாலைத் தெளித்துப் பதப்படுத்திய ரப்பர் நார். என் ஓட்டு இதற்குத்தான். காற்று போகும், சூடு ஏறாது, சட்டென்று அமுங்காது. வருஷங்கள் போனால் நார் நொறுங்கித் தூளாகும் என்பது மட்டும்தான் குறை. மேல் உறைக்கு நாம் சொல்கிற ரெக்ஸின், மான்செஸ்டர் பக்கத்து ஹைட் என்ற ஊரில் செய்த ஒரு செயற்கைத் தோலின் வியாபாரப் பெயர். இங்கே அது பொதுப்பெயராகிவிட்டது, இப்போது கடையில் கிடைப்பது பிவிசி பூசிய துணி.

இந்தியாவுக்கு வெஸ்பாவை 1948-லிருந்து இறக்குமதி செய்தது பஜாஜ் குடும்பத்தின் பச்ராஜ் டிரேடிங். பிறகு பியாஜியோ உரிமத்தில் இங்கேயே தயாரிப்பு, 1971-ல் உரிமம் முடிந்தது, 1972-ல் சேத்தக். லாம்ப்ரெட்டாவை பம்பாயில் ஏபிஐ கட்டியது. அதன் இத்தாலிய இயந்திரங்களை வாங்கி, லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா விஜய் சூப்பர் என்ற பெயரில் ஓட்டியது. சீட் கதைக்கு இதில் முக்கியமான விஷயம் காத்திருப்புப் பட்டியல். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில், சிலருக்குப் பத்து வருஷம்கூட, காத்திருந்து வாங்கிய வண்டியை யார் சீக்கிரம் விற்பார்கள்? இருபது வருஷம் ஓட்டினார்கள். இன்ஜின் அந்த வயசைத் தாங்கும், சீட் தாங்காது. வெயிலில் ரெக்ஸின் வெடிக்கும், தையல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், ஸ்பிரிங் துரு பிடிக்கும். ஊருக்கு ஊர் "குஷன் ஒர்க்ஸ்" போர்டு முளைத்ததற்கு இந்த நீண்ட ஆயுள் ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் ஒரு தெருவே அந்தத் தொழிலைத் தொட்டு வாழ்வது தெரியும்.

கியர் இல்லாத வண்டிகள் வந்தபோது சீட்டுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. 2001-ல் வந்த ஆக்டிவா மாதிரி வண்டிகளில் சீட் என்பது ஒரு பெட்டியின் மூடி. அடியில் ஹெல்மெட், மழைக்கோட்டு, அரை கிலோ தக்காளி. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மூடியின் தடிமனும் பெட்டியின் ஆழமும் ஒரே உயரத்துக்குள் அடங்க வேண்டும், சீட் உயர்ந்தால் குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது. எனவே அடியில் பிளாஸ்டிக் தட்டு, மேலே அச்சில் வார்த்த ஸ்பாஞ்சு, அதன் மேல் ஸ்டேப்ளர் அடித்த உறை. அவ்வளவுதான். முன்பு தோலும் ஸ்பிரிங்கும் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வேலைகளும் இப்போது ஒரே ஸ்பாஞ்சின் தலையில்.

அதனால்தான் சீட்டை மாற்றிக் கட்டும்போது நாம் வழக்கமாகக் கேட்பது தப்பாகப் போகிறது. "நல்லா சாஃப்டா போடுங்க" என்கிறோம். சாஃப்ட் ஸ்பாஞ்சு கடையில் விரலால் அமுக்கும்போது சுகம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இரண்டு எலும்புக்குக் கீழே முழுசாக அமுங்கித் தரைதட்டிவிடும், பிறகு பிளாஸ்டிக் தட்டின் மேல் உட்கார்ந்த கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. உட்கார்ந்திருக்கும் உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டத்தைத்தான் தாங்க மாட்டாமல் தவிக்கிறது. முழு உடல் அதிர்வுக்காக 1974-ல் வந்த ஐஎஸ்ஓ 2631 தரநிலையே இதைத்தான் சொல்கிறது. தொளதொள மெத்தை அந்த ஆட்டத்தைத் தடுப்பதற்குப் பதில் கூட்டிவிடக்கூடும்.

விஷயம் தெரிந்த குஷன்காரர் செய்வதைப் பாருங்கள். அவருக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பழைய பிரிவினைக்கே திரும்புகிறார். ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கி உறையைக் கழற்றுவார். அமுங்கிப்போன இடத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, அங்கே கெட்டியான ஃபோம் துண்டைப் பசை போட்டு இறக்குவார். துண்டு துண்டான பழைய ஸ்பாஞ்சை அழுத்திச் செய்த கலர் கலரான கெட்டி ஃபோம் இருக்கிறதே, அது அடியில். மேலே மெல்லிசாக மென்மையான ஒரு அடுக்கு. அடியில் இருப்பது அதிர்ச்சிக்கு, மேலே இருப்பது உடம்பின் வடிவத்துக்கு. வால் எலும்பு படுகிற இடத்தில் லேசாகக் குழித்துவிடுவார். முன்பக்கச் சரிவைக் குறைப்பார், இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கி முன்னால் வந்து, திரும்பப் பின்னால் நகர்ந்து உட்காருவதே வேலையாகிவிடும்.

கடையில் "32 டென்சிட்டி, 40 டென்சிட்டி" என்று கேட்பார்கள். அந்த எண் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ பொருள் என்ற கணக்கு. எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம். எவ்வளவு கெட்டி என்பது வேறு அளவு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் செய்யலாம், விறைப்பாகவும் செய்யலாம். ஆகவே எண்ணைக் கேட்டுக்கொண்டு, கையால் அமுக்கியும் பாருங்கள். விரலால் போதாது, முழங்கையை ஊன்றி அமுக்குங்கள்.

உறையில்தான் பல நல்ல வேலைகள் கெட்டுப்போகின்றன. சுருக்கம் விழக்கூடாது என்று ரெக்ஸினை மத்தளம் மாதிரி இழுத்து அடித்தால், உள்ளே எத்தனை நல்ல ஃபோம் இருந்தும் பயனில்லை, எடை உறையிலேயே நின்றுவிடும். புது வண்டி வாங்கிய அன்றே அதன் மேல் இன்னொரு சீட் கவர் மாட்டுகிற நம் வழக்கமும் இந்த வகைதான். தையலை உட்காருகிற இடத்தின் நடுவில் கொண்டுவராமல் ஓரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள், ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். மழை நின்று வெயில் அடித்த பிறகு, காய்ந்த மாதிரி தெரிகிற சீட்டில் உட்கார்ந்து பேன்ட் நனைந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் உட்காருபவரை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள், கம்பெனியும் சரி, வண்டிச் சொந்தக்காரரும் சரி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பின்னால் ஒருவர்தான், அதுவும் ஒழுங்காகப் பொருத்திய சீட்டில் என்கிறது. 1989 விதிகள் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு மூன்றையும் கேட்கின்றன. சேலை சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்தத் தடுப்புதான். ஆனால் சீட்டின் வடிவத்தில் அந்தச் சேலை கட்டிய பெண்மணி இல்லை. நீள சீட்டின் பின்பகுதியை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருபவருக்காகவே குறுக்கி, ஓரத்தைச் சரித்து வைத்திருக்கிறார்கள். ஒருபக்கமாக உட்காருபவரின் எடை விழுவது அந்தச் சரிந்த ஓரத்தில். அவர் வழுக்கிக்கொண்டே போவார், ஒரு கையால் கம்பியைப் பிடித்து வழி முழுக்கத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டிருப்பார். பழைய தனிச் சீட் இந்த விஷயத்தில் அவருக்கு எவ்வளவோ மேல், அகலமாக, தட்டையாக இருந்தது.

வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஒருபக்கமாக உட்காருகிறவர் என்றால் குஷன் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்பகுதியின் இடது ஓரத்தில் கெட்டி ஃபோமை வைத்து மட்டமாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் வழுக்காத, சொரசொரப்பான ரெக்ஸினைத் தைத்துக் கொடுப்பார்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், உறை அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஃபோமின் மேல் உட்கார வைத்துப் பார்த்துவிடலாம்.