மின்னல் மனிதன் பிறந்த மழைக்காலம்

பாறை ஓவியம் என்றதுமே பல்லாயிரம் ஆண்டுக் கணக்குதான் மனத்தில் ஓடும். ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், காக்கடு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்த்து வரும் அன்பாங்பாங் ஓவியத்துக்கு வயது அறுபதுக்குச் சற்றே மேல். யார் வரைந்தது, எந்த மழைக்காலத்தில் வரைந்தது என்பது வரை தெரியும். இப்படிப் பிறப்பு தெரிந்த பாறை ஓவியம் உலகில் மிக அரிது.

அந்த ஓவியம் இருப்பது, யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே எழும் புருங்குய் என்ற மணற்கல் குன்றில். ஆங்கிலேயர் அதை நூர்லாங்கி என்றார்கள். அதன் அடிவாரத்தில், மேற்பாறை கூரையாக நீண்டு நிற்கும் ஒதுக்குகள் பல உண்டு. மழைக்காலம் முழுவதும் பழங்குடி மக்களுக்கு அவைதாம் வீடு. அங்கே சமைத்தார்கள், கல்லில் காவி அரைத்தார்கள், பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், சுவரில் வரைந்தார்கள். அந்தப் பழக்கத்தின் ஆழம் அளவிட முடியாதது. காக்கடு சூழ்ந்து நிற்கும் மட்ஜெட்பெபே என்ற பாறை ஒதுக்கில் தோண்டியபோது அரைத்த காவிக்கற்கள் கிடைத்தன. அங்கே மனிதர் வந்து சுமார் 65,000 ஆண்டு ஆகிறது என்று 2017இல் வெளியான ஆய்வு கணித்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த வீடுகள் காலியாயின. வெளியிலிருந்து வந்த நோய்கள் மக்களைக் கொன்றன. எஞ்சியவர்கள் எருமை வேட்டை முகாம்களுக்கும் சுரங்கங்களுக்கும் மிஷன்களுக்கும் கூலிக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் நயொம்பொல்மி. பாட்மார்டி குலத்தைச் சேர்ந்தவர். வெள்ளையர் அவரை ‘பாரமுண்டி சார்லி’ என்று அழைத்தார்கள். பாரமுண்டி நம் கொடுவா மீன். கூலி வேலையில் ஊர் ஊராக அலைந்தபோதும் அவர் வரைவதை விடவில்லை. அவர் கைவண்ணம் என்று 600க்கும் மேற்பட்ட பாறை ஓவியங்களை ஆய்வாளர்கள் இனங்கண்டிருக்கிறார்கள்.

1963–64 மழைக்காலத்தில், வயது அறுபதைக் கடந்த நிலையில், அவர் நண்பர்களுடன் புருங்குய் அடிவாரத்துக்கு வந்தார். அன்பாங்பாங் சுவரில் முன்னோர் வரைந்தவை மங்கிக் கிடந்தன. அவற்றின் மேலேயே புதிதாக வரைந்தார். பழையதன் மேல் வரைவது அங்கே தவறாகாது. வரைகிற செயல்தான் அவர்களுக்குப் பெரிது. வரையும்போது கதை மறுபடி சொல்லப்படுகிறது, கேட்பவர்களிடம் அது போய்ச் சேர்கிறது. ஆனால் எந்தக் கதையையும் எவரும் வரைந்துவிட முடியாது. அதற்கு உறவு வழியிலும் அறிவு வழியிலும் உரிமை வேண்டும்.

செங்காவி, மஞ்சள் காவி, வெண்களிமண், கரி ஆகியவையே அந்த வட்டாரத்தின் பழைய வண்ணங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் வந்த பிறகு அதையும் பாறையில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அன்பாங்பாங் சுவரின் வலப்பக்கத்தில் நிற்பவர் நமர்கோன், மின்னலின் தலைவர். கைகளையும் தலையையும் கால்களையும் இணைத்து ஓடும் வளைவுதான் மின்னல். மூட்டுகளில் கட்டிய கற்கோடரிகளால் அவர் மேகத்தைப் பிளக்கும்போது இடி எழுகிறது. அவர் மனைவி பர்கிஞ்சும் சுவரில் இருக்கிறாள். அவர்களுடைய பிள்ளைகள் அல்யுர் என்னும் ஆரஞ்சு நீல வெட்டுக்கிளிகள். மழை வரப்போகிறது என்பதை அவைதாம் ஊருக்கு அறிவிக்கும். அருகே நமொந்ஜொக், குலமுறை மீறியவர். அவருடைய முழுக் கதை மூத்தவர்களுக்கு மட்டுமே உரியது. கீழே ஆண்களும் பெண்களும் கூட்டமாகச் சடங்குக்குப் புறப்பட்டு நிற்கிறார்கள். பாலூட்டும் தாய்மாரின் மார்பில் பால் துளிகளைக்கூடக் கோடுகளாக இட்டிருக்கிறார் ஓவியர். ஆளில்லாமல் போன இடத்தில் அவர் ஒரு சமூகத்தையே குடியேற்றினார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

1967இல் நயொம்பொல்மி இறந்தார். 1979இல் காக்கடு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. சுவரில் மழைநீர் வழியாதபடி மேற்பாறையில் சிலிக்கோன் வரம்பு இட்டார்கள். கை படாமலும் புழுதி எழாமலும் இருக்க மர நடைபாதை போட்டார்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் குன்றுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டரில் கூங்காரா என்ற இடத்தில் யுரேனியம் இருந்தது. அதற்காகவே அந்த நிலத்தைப் பூங்காவில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

அந்த மண்ணுக்கு உரியவர் ஜோக் குலத்தின் ஜெஃப்ரி லீ. யுரேனியம் எடுக்கச் சம்மதித்திருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார். அவர் மறுத்தார். பாரிஸ் வரை சென்று உலகப் பாரம்பரியக் குழுவின் முன் தன் நிலத்துக்காகப் பேசினார். 2011இல் கூங்காரா பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2013இல் பூங்காவோடு இணைந்தது.

நயொம்பொல்மி வரைந்ததும் ஜெஃப்ரி லீ மறுத்ததும் ஒரே கடமையின் இரு செயல்கள். பழங்குடிப் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்பும் எந்த நாடும் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கதைகளுக்கு உரியவர்களிடம் நிலத்தையும் அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையையும் திருப்பிக் கொடுப்பதுதான். காக்கடுவின் நிர்வாகக் குழுவில் இன்று பழங்குடியினரே பெரும்பான்மை. அந்த வழியை மற்ற பூங்காக்களும் பின்பற்ற வேண்டும்.