டிஆக்சிஅடினோசின் நச்சேற்றம்

டி.என்.ஏ. ஆக்கத்துக்குப் பயன்படும் நியூக்ளியோசைடுகளுள் ஒன்றான டிஆக்சிஅடினோசின் உடலில் தேங்கி, நோயெதிர்ப்பு அணுக்களான லிம்போசைட்டுகளின் பெருக்கத்தை முடக்குவது. இதைச் சிதைக்கும் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி இல்லாத குழந்தைகளிடம் இது நிகழ்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே அவர்களுக்கு ஓயாத தொற்றுகள் வருகின்றன.

கண்டுபிடிப்பு தற்செயலானது. சியாட்டிலில் குருதி வகை ஆய்வாளராக இருந்த எலோயிஸ் கிப்லெட்டுக்கு இந்நொதி ஒரு மரபு அடையாளம் மட்டுமே. எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகப் பரிசீலிக்கப்பட்ட ஒரு சிறுமியின் குருதி, வகை பார்ப்பதற்காக அவரிடம் வந்தது. ஸ்டார்ச் ஜெல்லில் அந்நொதிக்குரிய பட்டை விழவேயில்லை. இன்னொரு சிறுமியிடமும் அதே குறை தெரிய, 1972இல் லான்செட் இதழில் அறிக்கை வெளியானது. சந்தேகித்துத் தேடியவர் கண்டதன்று இது. வழக்கமான சோதனையில் காணாமற்போன ஒரு கோட்டை அலட்சியம் செய்யாதவர் கண்டது. 1975இல் கிப்லெட் குழு பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்போரிலேஸ் குறைபாட்டையும் விவரித்தது. அதில் தேங்குவது டிஆக்சிகுவனோசின். பெரிதும் பாதிக்கப்படுபவை லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்கள்.

நச்சு செயல்படும் விதம் குறித்து ஒருமித்த விளக்கம் உடனே அமையவில்லை. அடினோசின் மிகுவதால் பிரிமிடின் பஞ்சம் நேர்கிறது என 1973இல் கருதப்பட்டது. 1978 அளவில் நோயாளிகளின் சிவப்பணுக்களில் டிஆக்சிஅடினோசினின் மூன்று பாஸ்பேட் ஏறிய வடிவமான டி.ஏ.டி.பி. குவிந்திருப்பது தெரிந்ததும் கவனம் டிஆக்சிஅடினோசின் பக்கம் திரும்பியது. இளம் டி அணுக்களில் அதற்குப் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்கள் வலுவானவை. உருவாகும் டி.ஏ.டி.பி. ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதியை அடைத்துவிட, டி.என்.ஏ.வுக்கான மற்றப் பொருள்கள் வற்றுகின்றன. ஆனால் பெருகாமல் ஓய்ந்திருக்கும் லிம்போசைட்டுகளும் மடிவதை இது விளக்காது. டி.என்.ஏ. இழை முறிவும் மெத்தில் ஏற்றத் தடையும் பிற காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இந்நச்சே மருந்துமாயிற்று. நொதியால் சிதைக்க முடியாதபடி டிஆக்சிஅடினோசினில் குளோரின் சேர்த்த கிளாட்ரிபின், 1993இல் அமெரிக்காவில் ஹேரி செல் லுக்கீமியாவுக்கு ஏற்பு பெற்றது.

குறைபாட்டுக்கு 1990இல் பாலிஎத்திலீன் கிளைகால் இணைத்த நொதி ஊசி வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இந்நோய்க்கான முதல் மரபணு சிகிச்சைச் சோதனையும் நடந்தது. ஐரோப்பாவில் இதற்கான மரபணு சிகிச்சைக்கு 2016இல் ஒப்புதல் கிடைத்தது.

குறை வெளிப்படப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். எனவே அத்தை மகள், தாய்மாமன் மணங்கள் இன்னும் வழங்கும் தமிழ்நாட்டில் இது பொருட்படுத்த வேண்டிய நோய். இதற்கொரு சிகிச்சையான எலும்பு மஜ்ஜை மாற்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் தொடங்கியது. இந்தியாவில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. இந்நோயுள்ள குழந்தைகளிடம் அக்கிருமி உடலெங்கும் பரவக்கூடும்.