தொங்கு பலகைகளும் தெருச் சட்டமும்

கடைப் பலகைக்கு நகரசபையார் அளவு குறிப்பதையும், லைசென்சு கேட்பதையும், மீறினால் அபராதம் விதிப்பதையும் கண்டு மனம் புழுங்கும் வியாபாரிகள் பலர். தெரு எல்லார்க்கும் பொது, அதன்மேல் நீளும் பலகை பிறர் உரிமையைத் தீண்டுவதாகும் என்னும் எண்ணம் ஒரே நாளில் பிறந்ததன்று. லண்டன் மாநகரின் சரித்திரம் இதனைத் தெளிவாய்க் காட்டும்.

அந்நகரத்து மதுக்கடையார் வாயிலில் இலைக்கொத்துக் கட்டிய கழியொன்றை நீட்டி வைப்பது வழக்கம். போட்டியினால் கழிகள் நீண்டு, குதிரைமேற் செல்வோருக்கு இடையூறாயின. ஆகவே ஏழு அடிக்குமேல் நீளலாகாதென்று 1375ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர்.

பிற்காலத்தில் எல்லாக் கடைகளும் பலகை தொங்கவிட்டன. கதவிலக்கம் இல்லாத காலம் அது, எழுத்தறிந்தோரோ குறைவு. சிங்கம், அன்னம், மணி என்று தீட்டிய படமே கடைக்கு முகவரி. தொழில் பழகிய இளைஞன் தனிக்கடை வைக்குங்கால் தன் எஜமானின் சின்னத்தையும் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்வான். இவ்வாறு நரியும் ஏழு விண்மீன்களும் ஒரே பலகையில் குடியேறிய கூத்தை அடிசன் 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் நகையாடினார்.

நகைப்புக்கிடமாக மட்டும் அவை இருக்கவில்லை. பெரும் பலகைகள் இரும்புச் சட்டங்களில் தொங்கிக் காற்றையும் வெளிச்சத்தையும் மறைத்தன. 1718இல் பிளீட் தெருவை அடுத்த பிரைட் சந்தில் ஒரு பலகை, தன்னைத் தாங்கிய வீட்டு முகப்பையும் இழுத்துக்கொண்டு விழுந்து நால்வரைக் கொன்றது. நான்கு உயிர் போதவில்லை போலும்! தொங்கு பலகைகளை முற்றிலும் களையும் வேலை 44 ஆண்டு கழித்தே தொடங்கிற்று. பாரிஸ் நகரில் போலீஸ் தலைவர் சார்த்தீன் என்பார் 1761இலேயே பலகைகளைச் சுவரோடு ஒட்டி வைக்குமாறு ஆணையிட்டுவிட்டார்.

1762ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் தெருத்தளச் சட்டம் கவனித்தற்குரியது. அதற்குமுன் அவரவர் வீட்டு முன்புறத்திற்கு அவரவரே கல் பதிக்க வேண்டும். ஒருவன் உயர்த்துவான், அடுத்தவன் தாழ்த்துவான், மூன்றாமவன் சும்மா இருப்பான். வண்டியும் மனிதரும் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. புதிய சட்டம் அவ்வேலையைக் கமிஷனர்களிடம் ஒப்புவித்து, அதற்கென வரி வாங்கவும் வழி செய்தது. பொதுப்பணத்தால் தெருவைப் பேணுவோர்க்கே, தெருவின்மேல் எது தொங்கலாம் என்று கூறும் உரிமையும் சேர்ந்தது. தொங்கிய பலகைகள் இறக்கப்பட்டன. சில ஆண்டுகளில் லண்டன் நகரமும் இவ்வழி நின்றது. வீடுகளுக்கு இலக்கமிடும் முறையும் அக்காலத்திலேயே பரவிற்று.

இச்சட்டம் நியாயமானது என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும் நட்டம் யாருக்கு? படித்தவன் தெருப்பெயரையும் இலக்கத்தையும் பார்த்துச் சென்றான். எழுத்தறியாத கூலிக்காரனும் வேலைக்காரியும் அதுகாறும் தாமாகவே படித்துவந்த ஒரே எழுத்தாகிய படத்தை இழந்தனர். சாராயக்கடைப் படமும், அடகுக்கடையின் மூன்று பொற்குண்டுகளும், நாவிதரின் வரிக்கம்பமும் மாத்திரம் மறையாமல் நின்றன. அவ்விடங்களுக்கு ஏழைக்கு வழி தவறவேயில்லை. பள்ளிக்கூடம் போதாத ஊர்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்விச் சபைகளை ஏற்படுத்திய இங்கிலாந்துச் சட்டம் 1870இல்தான் வந்தது. பலகை இறங்கி அப்போது 108 ஆண்டு ஆகியிருந்தது.