மரக்கிளையில் கட்டிய கம்பி

பூங்காவிலோ காட்டோரத்திலோ ஒருவர் மரக்கிளையில் கம்பியொன்றைக் கட்டி, மடியில் சிறு பெட்டியை வைத்துக்கொண்டு, தந்திக் குறியீடுகளைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், இவருக்கு வேறு வேலையில்லையோ என்று தோன்றக்கூடும். அக்கம்பியின் நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். அவர் அனுப்பும் 20 மீட்டர் சிற்றலையில் சரிபாதி. பெட்டியை இயக்க மின்கலம் போதும். ஐந்து வாட் ஆற்றலில் புறப்படும் அலை, வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, வேளை வாய்த்தால் கண்டம் கடந்தும் கேட்கும். இவர்களே அமெச்சூர் வானொலியாளர்கள். அரசாங்கத் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள்.

வெட்டவெளியில் நிலையம் அமைக்கும் இவ்வழக்கம் வெறும் விளையாட்டாகப் பிறந்ததன்று. 1933 ஜூனில் அமெரிக்க அமெச்சூர்களின் சங்கம் ‘களநாள்’ ஒன்றை முதன்முதலாக நடத்திற்று. வீட்டு மின்சாரத்தை நம்பாமல் வெளியிலிருந்து எத்தனை பேரை எட்டமுடிகிறது என்பதே போட்டி. பேரிடருக்கான ஒத்திகையும் அதுவே. 2002-இல் பிரிட்டனில் மலையுச்சிகளிலிருந்து பேசும் திட்டம் எழுந்தது. 2016-இல், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் நூற்றாண்டை ஒட்டி, பூங்காக்களிலிருந்து நிகழ்ந்த தொடர்புகள் பத்து லட்சத்தைக் கடந்தன.

நம் நாட்டில் இக்கலை உரைகல்லில் உரைக்கப்பட்ட இடம் அந்தமான். அங்கிருந்து ஒலிபரப்ப அமெச்சூர்களுக்குப் பல்லாண்டுகளாக அனுமதி இருந்ததில்லை. 2004 டிசம்பரில் அனுமதி கிட்டவே, ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் அம்மையார் ஒரு குழுவுடன் போர்ட் பிளேர் சென்றார். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரம் அது. அவர் சென்றது உலகெங்குமுள்ள அமெச்சூர்களின் ஆவலைத் தீர்க்கத்தான். அதை வீண் ஆடம்பரம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் அன்று மறுப்பது எளிதன்று.

டிசம்பர் 26, காலை 6.29. நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அம்மையார் அவசர மின்சாரத்தைக் கொண்டு நிலையத்தை மீண்டும் இயக்கினார். குழுவினர் சிலர் கருவிகளுடன் கார் நிகோபாருக்கும் சென்றனர்.

அந்தமானில் குடியேறிய தமிழர் பலர். அவர்கள் இருக்கின்றார்களா இல்லையா என்றறியாது தாய்நிலத்தில் உற்றார் தவித்தனர். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அத்தவிப்பு புதிதன்று. தீவினரின் நலச்செய்திகள் அவ்வலைகளில் ஏறி, இக்கரையிலுள்ள அமெச்சூர்களின் செவிக்கு வந்து, அவர்கள் வாயிலாக உற்றாரைச் சென்றடைந்தன. உலகோடு அளவளாவக் கொண்டுபோன கருவிகள் அந்நாட்களில் சுமந்தவை பெரும்பாலும் இவ்வளவே: யார் இருக்கிறார், எங்கே இருக்கிறார்.