ஒற்றை விழுக்காட்டுக் குறி நீண்ட கதை

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் கட்டளை வரியில், அடுத்த கட்டளைக்காகக் காத்திருப்பதைப் பயனருக்குக் காட்டும் குறியைத்தான் ப்ராம்ப்ட் என்கிறோம். பயனர் பெயர், கணினியின் பெயர், கோப்பகம், கிட் கிளை, நேரம், வண்ணங்கள் என்று பலருடைய திரையில் அது இன்று பாதி வரியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேலையற்றவர்களின் அலங்காரம் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. வரலாற்றைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. எது தெரியாமல் போனால் பயனருக்கு இழப்போ, அதைக் காட்டும் செலவும் தாங்கும்படி இருந்தால், அது ப்ராம்ப்டில் ஏறியிருக்கிறது.

தொடக்கத்தில் ப்ராம்ப்ட் சிறியதாக இருந்து பின்னால் வளர்ந்தது என்பதே முழு உண்மையல்ல. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ்., ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. 1960களில் அதில் ஒரு கட்டளை முடிந்ததும் ‘ஆர்’ என்ற எழுத்தும், அந்தக் கட்டளைக்குச் செலவான நொடிகளும் அச்சாகும். பல ஆண்டுகள் கழித்து பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய யூனிக்ஸ் ஷெல்லில், அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலில், இருந்ததோ ஒரே ஒரு குறி. 1975இல் வந்த ஆறாம் பதிப்பில் சாதாரணப் பயனருக்கு %, நிர்வாகிக்கு #. டெலிடைப் மெதுவாக அச்சடித்ததால்தான் இந்தச் சுருக்கம் என்று சொல்வது வழக்கம். அதில் நியாயம் உண்டு: நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் மாடல் 33இல் 30 எழுத்து ப்ராம்ப்ட் ஒவ்வொரு முறையும் 3 நொடியைத் தின்றுவிடும். ஆனால் சி.டி.எஸ்.எஸ். முனையங்களும் வேகமானவை அல்ல. இருந்தும் அது கூடுதலாகவே அச்சடித்தது. அங்கே கணினி நேரம் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட அரிய பொருள். ஆகவே அந்தக் கணக்குக்காகக் காகிதத்தில் சில எழுத்துகளைச் செலவிடலாம் என்று கருதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். யூனிக்ஸில் அடுக்கடுக்கான கோப்பகங்கள் ஆரம்ப ஆண்டுகளிலேயே இருந்தன. அப்படியானால் ‘எங்கே நிற்கிறோம்’ என்பது ஏன் ப்ராம்ப்டில் இல்லை? விடை அமைப்பின் உள்ளே இருக்கிறது. நடப்புக் கோப்பகத்தை அமைப்பின் உட்கருவான கெர்னல், ஐநோட் என்ற ஓர் அடையாள எண்ணாக மட்டுமே நினைவில் வைத்திருந்தது, பெயராக அல்ல. பெயர் வேண்டுமென்றால் பி.டபிள்யூ.டி. என்ற தனி நிரல், மேலுள்ள கோப்பகங்களை ஒவ்வொன்றாகப் படித்து மூலம்வரை ஏறிவர வேண்டும். 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல், ப்ராம்ப்டைப் பி.எஸ்.1 என்ற மாறியில் வைத்து, அதைத் திருத்தும் உரிமையைப் பயனரிடம் கொடுத்தது. ஆனாலும் நடப்புக் கோப்பகத்தை அது தானாகக் காட்டவில்லை. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், நடப்புக் கோப்பகத்தின் பெயரைத் தன்னிடமே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, கோப்பகம் மாறும்போதெல்லாம் ப்ராம்ப்டையும் மாற்றும் சிறு உத்திகளைப் பயனர்கள் எழுதிக்கொள்ள முடிந்தது. டாஸ் உலகிலும் இதே கதைதான். 1983இல் 2.0 பதிப்பு உட்கோப்பகங்களைக் கொண்டுவந்தபோதுதான், ப்ராம்ப்டை மாற்றும் கட்டளையும் கூடவே வந்தது.

அடுத்த நெருக்கடி வலையமைப்பு. 1983இல் வந்த பெர்க்லி யூனிக்ஸான 4.2 பி.எஸ்.டி.யின் ஆர்லாகின் கட்டளை, ஒரே முனையத்திலிருந்து பல கணினிகளுக்குள் நுழைய வழி தந்தது. எந்தக் கணினியில் கோப்பை அழிக்கிறோம் என்ற கேள்வி அதன் பிறகு கற்பனையல்ல. 1989இல் பிரயன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், பயனர், கணினி, கோப்பகம் மூன்றுக்கும் தனித்தனிச் சுருக்கெழுத்தை ஷெல்லுக்குள்ளேயே வைத்தது. எளிமையை உயிராய் மதிக்கும் நிபுணர்கள் இதையெல்லாம் விரும்புவதில்லை என்று சொல்வோருக்குப் பிளான் 9 நல்ல விடை. யூனிக்ஸை உருவாக்கிய அதே பெல் ஆய்வகத்தில், தாம்சனும் ராப் பைக்கும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய அந்த அமைப்பில் வழக்கமான ப்ராம்ப்டுகள் இரண்டு: சொந்த முனையத்தில் ‘டெர்ம்%’, தொலைவில் உள்ள சர்வரில் ‘சி.பி.யு.%’. சுருக்கத்தில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தவர்களாலும் இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட முடியவில்லை.

வெறும் அழகுக்காகச் சேர்ப்பவையும் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் செலவு அவற்றை வடிகட்டிவிடுகிறது. நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும், 2005இல் பிறந்த கிட், கிளையின் பெயரை ப்ராம்ப்டில் காட்டும் நிரலைத் தன் மூலக் குறியீட்டுத் தொகுப்பிலேயே தருகிறது. கிட்டில் இன்னும் பதிவுசெய்யாத மாற்றங்கள் உண்டா என்று பார்க்கும் வசதியை மட்டும் அது பயனர் கேட்டால்தான் தரும். பெரிய களஞ்சியங்களில் அந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் தாமதத்தை உண்டாக்கும். எனவே உங்கள் ப்ராம்ப்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். வாடிக்கையாளர்களின் தரவு இருக்கும் சர்வரில் மட்டும் கணினியின் பெயரை எடுத்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு தனி வண்ணமும் கொடுங்கள்.