ஏரிக்கரையில் கடலின் வேட்டைமீன்

கடல்மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1909 அக்டோபரில் மெரினாவில் மீன் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. பின்னர் மீன்வளத் துறையின் கைக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டுவீச்சு அச்சம் பரவிய 1942-இல் மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா காட்சியகம் 1951-இல் திறந்தது. இரண்டுமே கடற்கரைச் சாலையில் கட்டப்பட்டவை, இரண்டையும் பொது நிறுவனங்களே நடத்தின. களவாவையும் கிளாத்தியையும் அஞ்சாலையையும் சனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளுக்குள் மீன்தொட்டி வந்தது வேறு வழியாக. அது ஏரித் தண்ணீரில் பிறந்த தொழில். கூடத்தில் ஒரு கடல் வேட்டைமீன் வேண்டும் என்று இன்று ஆசைப்படுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, நிறமோ விலையோ பதில் சொல்லாது, இந்த இரு வேறு வரலாறுகளே பதில் சொல்லும் என்பது என் வாதம்.

அம்பத்தூருக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருக்கும் கொளத்தூரும் வில்லிவாக்கமும்தான் தமிழ்நாட்டு வண்ணமீன் வணிகத்தின் மையம். சுற்றிலும் கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, புழல் ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின் இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணும் ஒரு கிணறும் இருந்தன. பெரிய முதல் இல்லாமல் மீன் வளர்க்க அவ்வளவு போதும். ஒரு சிமென்ட் தொட்டி, ஒரு ஏர் மோட்டார், தாய்மீன் சில இருந்தால் மோலியும் கப்பியும் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். தங்கமீன், ஏஞ்சல், ஃபைட்டர் என்று வகை பெருகி, மாதவரம், செங்குன்றம், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள்வரை பண்ணைகள் பரவின. இந்தத் தொழிலின் உயிர்நாடி குஞ்சு எடுப்பது. விற்கிற மீனின் தாய் தகப்பன் எது, அது எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எந்த நோயில் சாகும் என்பதெல்லாம் வளர்த்தவருக்கு மனப்பாடம்.

வேட்டைமீன் மோகமும் இதே வழியில்தான் வந்தது. முதலில் சயாமிலிருந்து வந்த ஃபைட்டர், பிறகு தென்னமெரிக்க ஆஸ்கர், அதன்பின் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டு, வாஸ்து நம்பிக்கையின் முதுகில் ஏறி நம் கூடங்களுக்கு வந்த ஃபிளவர்ஹார்ன், கடைசியாக அரோவானா. ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடியது, பெரும்பாலும் தொட்டியில் தனியாக வாழ்வது. ஆனால் நான்குக்கும் பொதுவாக ஒன்று உண்டு: நன்னீரில் வாழும், பண்ணையில் குஞ்சு எடுக்க முடியும். ஆசிய அரோவானாவைக்கூட 1975 முதல் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்தியிருப்பதால், சட்டப்படி விற்கப்படுவது பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்ததுதான். வரிசையின் அடுத்த படியாகக் கடல் வேட்டைமீனை, குறிப்பாக லயன் ஃபிஷ்ஷை, வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கடல் தூரம் என்பதால்தான் ஆவடியில் மரைன் தொட்டி அரிதாக இருந்தது, இன்று அந்தத் தடை இல்லை என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. மெரினா ஏறக்குறைய 25 கிலோமீட்டர் என்பது இப்போது பொருட்டில்லை. 1960-களிலிருந்தே பொட்டலத்தில் விற்கும் செயற்கைக் கடலுப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் வடிகட்டிய நீரில் கரைத்தால் போதும். 400 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 14 கிலோ. பணமும் தடையில்லை; அரோவானா வாங்குகிற வீட்டுக்கு இது கட்டுப்படியாகும். தடை வேறிடத்தில் இருக்கிறது. லயன் ஃபிஷ்ஷும் கிளாத்தியும் அஞ்சாலையும் முட்டையிட்டுப் பொரிக்கும் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில், வாரக்கணக்கில் கடலோட்டத்தில் மிதந்து வளர்வது. அவற்றுக்கு இரை கொடுத்துக் காப்பாற்றும் வித்தை வணிக அளவில் கைகூடவில்லை. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் குஞ்சு எடுத்துக் காட்டியது பெரும்பாலும் கோமாளி மீன் போன்ற சிறிய, சாதுவான வகைகளில்தான். ஆகவே கடைத்தொட்டியில் இருக்கும் வேட்டைமீன் ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்தது. அதன் வயது கடைக்காரருக்குத் தெரியாது. அது எப்படிப் பிடிபட்டது என்பதும் பெரும்பாலும் தெரியாது. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்தே சயனைடு தெளித்துப் பிடிக்கும் வழக்கம் பேர்போனது. கொளத்தூர்த் தொழிலுக்குப் பெருமையாக இருந்த அறிவு இந்த ஒரு மீனிடம் வந்து நின்றுவிடுகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றால், அரைகுறையாகத்தான். பவளம், கடல்குதிரை, ராட்சதக் களவா ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. ராட்சதக் களவாவின் குஞ்சு மஞ்சளும் கறுப்புமாக மின்னும். வேட்டைமீன் தேடுபவரின் கண் முதலில் அங்கேதான் போகும். வளர்ந்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். 2017 மே மாதம் மத்திய அரசு வண்ணமீன் கடைகளுக்கென விதிகள் கொண்டுவந்து, 158 வகை மீன்களைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் தடை போட்டது. குஞ்சு எடுக்கும் மீனையும் பிடித்து வரும் மீனையும் ஒரே கயிற்றில் கட்டிய விதிகள் அவை. வியாபாரிகள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் போனது கெட்ட பாதி மட்டுமல்ல, நல்ல பாதியும் சேர்ந்தே போயிற்று. பிடித்த இடம், பிடித்த விதம் பற்றிய கேள்வி மறுபடி வாங்குபவரின் தலையில் விழுந்தது.

கடல்மீன் நம் நீர்நிலைகளைக் கெடுக்காது என்ற வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1985-இல் ஃபுளோரிடா கடலில் முதலில் காணப்பட்ட லயன் ஃபிஷ், வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதால் வந்தது என்பதே அறிஞர்களின் முடிவு; இன்று கரீபியக் கடல் முழுக்கப் பரவிப் பாறைமீன்களைத் தின்று தீர்க்கிறது. இந்தக் கதை ஆவடிக்குப் பொருந்தாது. லயன் ஃபிஷ் வங்காள விரிகுடாவின் சொந்த மீன். கொரட்டூர் ஏரியில் விட்டால் உப்பில்லாமல் செத்துப்போகும். சுற்றுச்சூழலைக் கெடுத்தது நன்னீர் மீன்தான். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெருத்தபின் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன் சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் வேரூன்றிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-த்திலேயே தடை வந்தும் அது ஒழியவில்லை. இந்தக் கணக்கில் கடல்மீன் ஏரிக்குத் தீங்கற்றது. ஆனால் விடவும் முடியாத, விற்கவும் ஆள் கிடைக்காத அந்த மீன் தொட்டிக்குள்ளேயே முடிய வேண்டும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். லயன் ஃபிஷ் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது.

அந்தப் பத்தாண்டில் மேற்குப் புறநகர் எதையெல்லாம் பார்க்கிறது? 2016 டிசம்பரில் வர்தா புயல், நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம், அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடக் குறைவான பிராணவாயுவையே தாங்கும். மோட்டார் நின்றால் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். வேட்டைமீன் கழிவும் அதிகம், பில்டர் ஓயக் கூடாது. ஆக, மீன் சிறியதாக இருக்க வேண்டும் என்பது அழகைப் பற்றிய யோசனையல்ல, இந்த ஊரின் மின்கம்பி விதிக்கும் நிபந்தனை.

அப்படியானால் யாரும் வைக்கவே கூடாதா? அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். களவா, கிளாத்தி, அஞ்சாலை மூன்றும் வீட்டுக்கு வேண்டாம். அவற்றைப் பார்க்க கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019 முதல் பெரிய காட்சியகம் இருக்கிறது, தர்ஸ்டன் காலத்து வழி இன்னும் அடைபடவில்லை. பெரிய லயன் ஃபிஷ் ஒன்றேகால் அடி வரை போகும், அதுவும் கூடத்துக்கு மிகை. எஞ்சுவது குட்டை லயன் ஃபிஷ். வளர்ந்தும் ஒரு சாண் அளவு, அதே விசிறித் துடுப்பு, அதே வரி. முள்ளில் நஞ்சுண்டு, குத்தினால் தாங்குமளவு வெந்நீரில் கையை வைத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும், குழந்தை எட்டாத மூடி அவசியம். கடையில் அது செத்த இறால் துண்டைத் தின்னுவதைக் கண்ணால் பார்த்தபின்தான் பணம் கொடுக்க வேண்டும். தங்கமீனை உயிரோடு போடுங்கள் என்று சொல்லும் கடையில் வாங்கக் கூடாது, அந்தத் தீனி கொழுப்பேற்றி, வைட்டமினைக் குறைத்து மெல்லக் கொல்லும். எந்தக் கடலில், எந்த வலையில் வந்தது என்று கேட்டால் பதில் சொல்கிற வியாபாரி கொளத்தூரில் கிடைக்காதவர் அல்லர். தாய்மீனின் பூர்வீகம் சொல்லியே பழகிய ஊர் அது.